குறைமாதக் குழந்தையின் குடலும் அதில் குடியேறும் நுண்ணுயிர்களும்

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையைக் குறித்துப் பேசும்போது, அதன் மூச்சைப் பற்றியும் எடையைப் பற்றியும் உடற்சூட்டைப் பற்றியுமே நாம் பெரிதும் கவலை கொள்கிறோம். அது இயற்கையே. ஆனால் மூச்சு சீராகி, எடையும் சற்றே ஏறத் தொடங்கி, வீட்டார் நிம்மதியடையும் இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில், எவரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து ஆபத்து எழுவதுண்டு. அவ்விடம் குழந்தையின் குடல். அங்கு நிகழ்வது யாது, அதைத் தடுக்கத் தாயாலும் குடும்பத்தாராலும் செய்யக்கூடியது யாது என்பதையே இன்று நேயர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் நெடுஞ்சாலையில் அமைந்த கஞ்சிக்கோட்டை உங்களில் பலர் அறிவீர்கள். தொலைபேசித் தொழிற்சாலையும் இரும்பு உருக்காலைகளும் நிறைந்த அத்தொழிற்பேட்டையில் பிழைப்புக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அத்தகைய ஒரு குடும்பத்தில் மருமகள் எட்டாம் மாதத்திலேயே பிரசவித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை மருத்துவமனையின் சிறப்புப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. செய்தி கேட்டு ஊரிலிருந்து முதல் பேருந்தில் வந்திறங்கும் பாட்டியார், மடியில் கருப்பட்டியும் தேனும் முடிந்துகொண்டு வருகிறார். முதலில் சேனை தொட்டு வைக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அடுத்த வீட்டு மலையாள அம்மையாரோ பொன்னும் வயம்பும் உரைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பதே வழக்கம் என்கிறார். இருவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் முதல் துளியாக அக்குழந்தையின் வாயில் எது விழுகிறது என்பது, அக்குடும்பத்தார் நினைப்பதைக் காட்டிலும் மிகப் பெரிய விஷயமாகும்.

கருப்பையில் வளரும் சிசுவின் குடலில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய இல்லை என்றே கூறலாம். பிறக்கும் கணத்திலிருந்து குடியேற்றம் தொடங்குகிறது. தாயின் பிறப்புவழியிலிருந்தும், தோலிலிருந்தும், பாலிலிருந்தும், தொட்டுத் தூக்கும் கைகளிலிருந்தும் பாக்டீரியாக்கள் வந்து சேருகின்றன. பாக்டீரியா என்றதும் நோய்க்கிருமி என்று அஞ்சவேண்டுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வனவல்ல. 1885-ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்துக் குழந்தை மருத்துவரான தியோடர் எஷெரிக், பச்சிளங் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து ஒருவகைக் குச்சி வடிவ பாக்டீரியாவைக் கண்டார். பிற்காலத்தில் அவர் பெயராலேயே அது எஷெரிக்கியா கோலி என வழங்கலாயிற்று. 1899-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஹென்ரி டிஸ்ஸியே என்பவர், தாய்ப்பாலருந்தும் குழந்தைகளின் மலத்தில் இரு கிளையாகப் பிரியும் வேறொரு பாக்டீரியாவைக் கண்டார். அதுவே இன்று பிஃபிடோபாக்டீரியம் எனப்படுவது. தாய்ப்பாலுக்கும் இந்தக் குடியினத்துக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த விடை மிகவும் சுவையானது.

தாய்ப்பாலில் சர்க்கரையும் கொழுப்பும் உள்ளன என்பது எல்லோரும் அறிந்ததே. இவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக அதில் மிகுந்திருக்கும் திடப்பொருள், குழந்தையால் ஜீரணிக்கவே முடியாத ஒருவகைத் தொடர்ச்சர்க்கரையாகும். இவற்றில் ஏறத்தாழ 200 வகைகள் இதுவரை இனங்காணப்பட்டுள்ளன. சீம்பாலில் இவை இன்னும் அதிகம். குழந்தைக்கு உதவாத ஒன்றைத் தாயின் உடல் இவ்வளவு சிரமப்பட்டு ஏன் தயாரிக்கவேண்டும்? அது குழந்தைக்கான உணவன்று. குழந்தையின் குடலில் குடியேறவேண்டிய பிஃபிடோபாக்டீரியத்துக்கான உணவு! தாய் ஒரே பாலில் இரு பந்திக்குப் பரிமாறுகிறாள். இவ்வுணவை உண்டு செழிக்கும் பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து, குடலின் உட்புறத்தைப் புளிப்பாக்குகின்றன. தீய இனங்கள் அங்குக் காலூன்ற இயலாது போகிறது. பசுவின் பாலில் இச்சர்க்கரைகள் மிகச் சொற்பம். மாவுப்பாலில் இவற்றுள் ஓரிரு வகைகளைச் செயற்கையாகச் சேர்ப்பதுண்டு. ஆயினும் முழுக் கலவை தாயிடம் மட்டுமே உண்டு.

நிறைமாதக் குழந்தைக்கு இந்தக் குடியேற்றம் பெரும்பாலும் இடையூறின்றி நடந்துவிடுகிறது. குறைமாதக் குழந்தையின் கதை வேறு. 37 வாரங்கள் நிறையுமுன் பிறப்பதையே மருத்துவர்கள் குறைப்பிரசவம் என்பர். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்றும், அவற்றுள் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை என்றும் கணக்கிட்டுள்ளனர். தாயின் இரத்தசோகை, இரத்தக் கொதிப்பு, நோய்த்தொற்று, அடுத்தடுத்த பிரசவங்கள் ஆகியன காரணங்களுள் சில. பாலக்காட்டு மாவட்டத்திலேயே உள்ள அட்டப்பாடி மலையில், 2013-ஆம் ஆண்டில் பழங்குடிக் குழந்தைகள் பல மாண்டது நாடு முழுவதும் பேசப்பட்டது. தாய்மாரின் சத்துக்குறைவும் குழந்தைகளின் எடைக்குறைவும் அங்கு முதன்மைக் காரணங்களாகக் கூறப்பட்டன.

குறைமாதக் குழந்தையின் குடலின் உட்சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அந்த அடுக்கிலும் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே பிணைப்பு இன்னும் இறுகவில்லை. அதன்மேல் படரவேண்டிய வழுவழுப்பான சளிப்படலமும் மெல்லியதே. இத்தனைக்கும் மேலாக, பாக்டீரியாவின் மேலுறையை உணர்ந்து எச்சரிக்கை எழுப்பும் ஒருவகை உணரிகள் அச்செல்களில் அளவுக்கு மீறி இருக்கின்றன. கருப்பையில் குடல் வளர்வதற்கு அவை பயன்பட்டவை, பிறந்தபின் குறைந்திருக்கவேண்டியவை. முன்னதாகவே பிறந்துவிட்டபடியால் குறையவில்லை. காவலாளி மிகவும் அஞ்சினவனாக இருந்தால், தெருவில் நடப்பவன் காலடியோசை கேட்டே ஊரைக் கூட்டிவிடுவான் அன்றோ? அதே நிலைமைதான்.

இந்நிலையில் அக்குடலுக்கு வந்து சேருபவை யாவை? குழந்தை தாயின் மடியில் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. குழாய்களும் ஊசிகளும் அதைச் சூழ்ந்துள்ளன. தொற்றுக்கு அஞ்சிக் கிருமிக்கொல்லி மருந்தும் செலுத்தப்படுகிறது. ஆகவே பிஃபிடோபாக்டீரியத்துக்குப் பதிலாக, மருத்துவமனைச் சூழலில் வாழப் பழகிய கிளெப்ஸியெல்லா, என்டிரோபாக்டர் முதலிய இனங்கள் முந்திக்கொண்டு குடலைக் கைப்பற்றிவிடுகின்றன. நோய் வெளிப்படுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே இவ்வினத்தார் பெருகுவதை, மலத்தை நாள்தோறும் சோதித்த ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கின்றனர். இவர்களுடைய மேலுறையை உணரிகள் கண்டதும் அழற்சி மூள்கிறது. செல்கள் மடிகின்றன, நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்தமில்லாத குடற்பகுதி கறுத்துச் சாகிறது. பாக்டீரியாக்கள் சுவருக்குள்ளேயே புகுந்து வாயுவை உண்டாக்குகின்றன. எக்ஸ்ரே படத்தில் குடற்சுவரின் ஊடே குமிழிகளாக இவ்வாயு தெரியும்போது மருத்துவர்கள் நோயை உறுதி செய்கின்றனர். இன்னும் முற்றினால் குடலில் துளை விழுகிறது.

இந்நோயை ‘நெக்ரோடைசிங் என்டிரோகொலைடிஸ்’ என்று மருத்துவ நூல்கள் அழைக்கும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் சிறிது தொல்லை கொடுத்தது. ‘நெக்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பிணம் என்பது பொருள். ‘குடல் திசு மாய்வு அழற்சி’ என்று மொழிபெயர்த்தால் இலக்கணம் நிறைவுறும். குழந்தையைப் பெட்டியில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும் தகப்பனுக்கு அதனால் ஒன்றும் விளங்காது. ஆகையால் இந்தப் பேச்சில் அதைக் குடலழிவு நோய் என்றே கூறிவருகிறேன். 1965-இல் நியூயார்க் மருத்துவர்கள் இதைத் தனியொரு நோயாக விவரித்தனர். 1978-இல் மார்ட்டின் பெல் என்னும் அறுவை மருத்துவர் தம் தோழர்களுடன் இதை மூன்று நிலைகளாகப் பகுத்தார். சிறிது திருத்தத்துடன் அப்பகுப்பே இன்றும் வழங்குகிறது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இந்நோய்க்கு ஆளாகின்றன. ஆளானவற்றுள் நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை இறக்கின்றன. சிறு எண்ணிக்கையல்ல. பிழைத்தவற்றிலும் சிலவற்றுக்குக் குடலில் ஒரு பகுதியை வெட்டி நீக்கவேண்டி நேரிடுகிறது; மிஞ்சிய குடல் குட்டையாகிவிட, உணவைக் கிரகிக்க இயலாமல் அக்குழந்தைகள் நெடுநாள் துன்புறுகின்றன.

சிகிச்சை கடினமானது, தடுப்போ தாயின் மார்பிலேயே இருக்கிறது. 1990-இல் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து லூக்காஸ், கோல் என்னும் இருவர் வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளைவிட, மாவுப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளுக்கு இந்நோய் ஆறு முதல் பத்து மடங்கு வரை அதிகமாக நேர்ந்தது. தாய்ப்பாலும் மாவுப்பாலும் கலந்து பெற்றவை இடைநிலையில் நின்றன. தாய்ப்பாலில் உள்ள தொடர்ச்சர்க்கரைகளைப் பற்றிக் கூறினேன். அவை போக, குடற்சுவரின்மீது பூசினாற்போல் படிந்து காவல் புரியும் எதிர்ப்பொருள்களும், செல்களை விரைந்து வளரச்செய்யும் பொருள்களும் அதில் உள்ளன.

“குழந்தை பெட்டியில் இருக்கிறது, சப்பவும் தெரியவில்லை, பால் எப்படிக் கொடுப்பது?” என்று தாய் கேட்பாள். பிரசவமான சில மணி நேரத்துக்குள்ளேயே கையால் பீய்ச்சத் தொடங்கவேண்டும். முதல் நாள் சில துளிகளே வரலாம். அதைக் கண்டு மனந்தளர்ந்து, “பாலே இல்லை” என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவதுதான் பெருந்தவறு. அச்சில துளிகள் மஞ்சள் நிறச் சீம்பால். மருத்துவர் அனுமதியுடன் அவற்றைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் தடவுவதே நன்மை தரும். இரவையும் சேர்த்து நாளொன்றுக்கு எட்டு முறையேனும் பீய்ச்சினால்தான் சுரப்பு பெருகும். முதலில் குழாய் வழியாகவும், குழந்தை விழுங்கப் பழகியபின் பாலாடையாலும் ஊட்டுவர். நம் பாட்டிமார் கைப்பட்ட அந்தச் சிறு மூக்குக் கிண்ணத்தின் பெயர், ‘பாலாடை’ என்ற உருவிலேயே இன்று உலக மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றிருக்கிறது என்பதைக் கூற எனக்கு மகிழ்ச்சியே. பாலாடையை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இட்டு எடுக்கவேண்டும்; புட்டி கூடவே கூடாது.

தாய்க்கு உடல்நலமில்லை, பால் போதவில்லை என்றால் அடுத்த வழி பிற தாய்மாரின் பால். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ஆம் ஆண்டு நவம்பரில் பம்பாய் ஸயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் தொடங்கிற்று. தமிழர் பெருவாரியாக வாழும் தாராவியை ஒட்டியே அம்மருத்துவமனை அமைந்துள்ளது என்பதை மும்பை நேயர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இத்தகைய வங்கிகள் உண்டு. கேரளத்தில் முதல் வங்கி 2021 பிப்ரவரியில் எறணாகுளம் பொது மருத்துவமனையில் திறக்கப்பட்டது. கொடையாக வரும் பாலை 62.5 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் 30 நிமிடம் வைத்துச் சுத்திகரிக்கின்றனர். அப்போது தீய கிருமிகளோடு நல்லனவும் மடிகின்றன. தொடர்ச்சர்க்கரைகள் மட்டும் கெடாமல் தப்புகின்றன. ஆதலின் வங்கிப்பால் மாவுப்பாலைவிட மேலானது, சொந்தத் தாயின் பாலுக்கு ஒருபடி கீழானது. அண்டை வீட்டாரிடம் பாலை வாங்கிச் சோதனையின்றிக் கொடுப்பது இதனினும் வேறானது. அதில் நோய் பரவும் அபாயமுண்டு.

நல்ல பாக்டீரியாக்களையே மருந்தாக ஊட்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் உங்களுக்குத் தோன்றலாம். விஞ்ஞானிகளுக்கும் தோன்றிற்று. ஒடிசாவில் 149 கிராமங்களில் 4,556 குழந்தைகளைக் கொண்டு டாக்டர் பினாகி பாணிகிராஹி குழுவினர் நடத்திய சோதனை 2017-இல் வெளியாயிற்று. லாக்டோபாஸில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவையும் அதற்குத் தீனியான ஒரு சர்க்கரையையும் பிறந்த முதல் வாரத்தில் ஏழு நாட்கள் கொடுத்தனர். மருந்து பெறாத பிரிவில் நூற்றுக்கு 9 குழந்தைகள் இரத்தத்தில் கிருமி பரவும் நோய்க்கோ மரணத்துக்கோ ஆளாயின. பெற்ற பிரிவில் அது 5.4 ஆகக் குறைந்தது. வியக்கத்தக்க பலன்தான். ஆனால் கவனிக்கவேண்டியது ஒன்று: அக்குழந்தைகள் யாவும் 35 வாரங்களேனும் நிறைந்து, இரண்டு கிலோவேனும் எடை கொண்டவை. அச்சோதனை குடலழிவு நோயைப் பற்றியதும் அன்று.

மிகச் சிறிய குழந்தைகளிடம் நிகழ்த்திய சோதனைகள் ஒன்றுபோல் பேசவில்லை. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கையில் குடலழிவு நோய் குறைவதாகவே தெரிகிறது. ஆயினும் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இங்கிலாந்தில் நடந்து 2016-இல் வெளியான சோதனையில், தேர்ந்தெடுத்த பாக்டீரியாவால் எப்பயனும் விளையவில்லை. எல்லா பாக்டீரியாவும் ஒன்றல்ல என்பதே இதன் பொருள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம், தாய்ப்பாலருந்தும், 32 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு இதனைக் கொடுப்பதுபற்றி ஆலோசிக்கலாம் என்று மட்டும் கூறிற்று. மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் எச்சரிக்கை விடுத்தனர். மருந்தாகக் கொடுத்த பாக்டீரியாவே இரத்தத்தில் பரவி ஒரு குறைமாதக் குழந்தை மாண்டிருந்தது. ஆகவே இது முற்றிலும் சிறப்பு மருத்துவர் முடிவு செய்யவேண்டிய காரியம். மருந்துக்கடையில் பொட்டலமாக வாங்கி வீட்டில் கரைத்துக் கொடுக்கும் காரியமன்று. கிருமிக்கொல்லி மருந்தின் நிலையும் இத்தகையதே. தொற்று உறுதியாகாமல் நெடுநாள் கொடுத்தால் குடலழிவு நோயின் அபாயம் ஏறுகிறது என்பதைச் சிறப்பு மருத்துவர்கள் அறிவர். அதற்காக, தேவையென்று அவர்கள் கொடுப்பதை நாம் மறுத்துவிடலாகாது.

வேறொரு மருந்துக்கு விலையே இல்லை. அது தாயின் மார்பு. துணி விலக்கிய மார்பில் குழந்தையை நிமிர்த்தி அணைத்துக் கட்டிக்கொள்ளும் முறையை, 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோடா நகரில், பெட்டிகள் போதாத குறையால் தொடங்கினார்கள். புது தில்லி ஸஃப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்து ஐந்து நாடுகளில் நடத்திய ஆராய்ச்சி 2021-இல் வெளியாயிற்று. பிறந்த உடனேயே இவ்வாறு அணைக்கப்பட்ட குழந்தைகளில் முதல் 28 நாட்களில் இறந்தவை நூற்றுக்கு 12. உடல்நிலை தேறும்வரை காத்திருந்து அணைத்தவற்றில் 15.7. அணைப்பினால் பால் சுரப்பு மிகுகிறது, சூடு காக்கப்படுகிறது. மருத்துவமனைக் கிருமிகளுக்கு முன் தாயின் தோலில் உள்ள பாக்டீரியாக்கள் குழந்தையை வந்தடையவும் வாய்ப்புண்டு. தாய் இளைப்பாறும் வேளையில் தகப்பனாரும் அணைக்கலாம், பாட்டியாரும் அணைக்கலாம். ஊரிலிருந்து வந்த பாட்டியாருக்கு இதைவிடச் சிறந்த வேலை வேறில்லை!

ஆனால் மடியில் கொண்டுவந்த கருப்பட்டியும் தேனும் அங்கேயே இருக்கட்டும். தேன் ஒரு வயது வரை எக்குழந்தைக்குமே ஆகாது. கொடிய நச்சு உண்டாக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். தெருவில் விற்கும் கழுதைப்பாலும், வயம்பு உரைத்த மருந்தும், வயிற்று உப்புசத்துக்கென்று கொடுக்கும் கிரைப் வாட்டரும் குறைமாதக் குழந்தையின் குடலுக்கு ஏற்றவையல்ல. நிறைமாதக் குழந்தைகள் சில இவற்றைத் தாங்கிக்கொண்டு வளர்ந்ததைப் பெரியோர் கண்டிருக்கலாம். அக்குடல் வேறு, இக்குடல் வேறு.

அபாயக் குறிகளை அறிந்துவைப்பது அவசியம். பால் ஜீரணமாகாமல் தங்குதல், வயிறு உப்பிப் பளபளத்தல், பச்சை நிறமான வாந்தி, மலத்தில் இரத்தம், குழந்தை துவண்டு கிடத்தல், மூச்சு இடையிடையே நின்று போதல், உடல் குளிர்ந்து போதல் ஆகிய இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது. கஞ்சிக்கோட்டுத் தமிழன்பர்கள் மொழிக்கும் அஞ்சவேண்டாம். ‘வயறு வீர்த்து’ என்றால் வயிறு உப்பியிருக்கிறது என்பதைச் செவிலி அறிவார். வாந்தியை ‘சர்த்தி’ என்பார்கள். பச்சை நிறம் இரு மொழியிலும் பச்சையே. இரத்தத்தை ‘சோர’ என்று சொல்வதைக் கேட்கையில், நம் பழந்தமிழ் ‘சோரி’ நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. ‘மாசம் திகயாத்த குஞ்ஞு’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவை தாமே விரையும்.

2011 முதல் நடைமுறையிலுள்ள மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங் குழந்தைகளுக்குச் சிகிச்சையும், மருந்தும், வந்துபோகும் வண்டியும் இலவசம். எந்த மாநிலத்தவர் என்பது பொருட்டன்று. பாலக்காட்டுக்கோ கோயமுத்தூருக்கோ 108 வண்டியில் கொண்டுசெல்லும்போது, அக்குறிகள் தோன்றிய பின் வாய்வழியாக எதையும் ஊட்டவேண்டாம். மருத்துவர் குடலுக்கு ஓய்வு கொடுத்து நரம்பு வழியாகவே சத்தைச் செலுத்துவார். வழியில் குழந்தையின் தலையைத் துணியால் போர்த்தி, தாயின் மார்போடு அணைத்துக் கொண்டுபோகவும். தாய் பாலைப் பீய்ச்சுவதை மட்டும் நிறுத்தலாகாது. மருத்துவமனையில் வசதியிருப்பின் அதைக் குளிரில் சேமித்துவைப்பர். குடல் தேறி முதல் துளி ஊட்டத் தொடங்கும் நாளில் அந்தப் பாலையே கேட்பர்.